வருவதற்கு முன் சொன்ன நன்றி

எங்கள் சபையில் நன்றி சொல்வதற்கென்று ஒரு முறை உண்டு. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும், ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறவர்கள் யார், எதற்காகப் படைக்கிறார்கள் என்று ஆயர் வாசிப்பார். பிறந்த நாள், திருமண நாள், பையனுக்கு வேலை கிடைத்தது, பெண்ணுக்கு வரன் அமைந்தது, சிறுநீரகக் கல் கத்தியில்லாமல் வெளியே வந்தது என்று எல்லாம் அதில் வரும். வாசித்து முடித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் மண்டியிடும். ஆயர் ஜெபிப்பார், சபை ஒரு சரணம் பாடும், குடும்பம் சேலையையும் வேட்டியையும் சரிசெய்துகொண்டு இடத்துக்குத் திரும்பும். கல்லுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சரணம்தான். அதை நான் கேலி செய்யாத வாரம் குறைவு.

நான் கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்தவள். அவிநாசிப் பக்கம் தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. அங்கே சாமிக்கு நன்றி சொல்கிற கணக்கே வேறு. முதலில் வேண்டிக்கொள்வோம். காரியம் நடந்தால் முடி இறக்குவோம், பொங்கல் வைப்போம், கிடா வெட்டுவோம். நடக்காவிட்டால் சாமியோடு கொஞ்ச காலம் பேசாமல் இருப்போம். கல்யாணத்தோடு சாமி மாறிய பிறகும் அந்தக் கணக்கு மட்டும் எனக்குள் மாறவில்லை. முதலில் கொடு, பிறகு வாங்கிக்கொள் என்றுதான் இந்த ஆண்டவரிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் வருகிறதா, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டில் பால் பொங்குகிறது என்றால்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல், பனி பெய்கிற ஒரு தூர தேசத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டின் மேல் பக்கத்து நாடு படையெடுத்தது. நாங்கள் டிவியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளும் தோழிகளும் விடுதியின் அடித்தளத்துக்கு இறங்கிவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்களும் பழைய கட்டில்களும் போட்டுவைக்கிற இடம். அங்கே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் உலக சமாதானத்துக்காக எங்கள் ஆராதனையில் ஒரு ஜெபம் உண்டு. வருஷக்கணக்காக அதற்கு ஆமென் சொல்லியிருக்கிறேன். வாய் ஆமென் சொல்லும்போது மனசு வீட்டில் குழம்புக்கு மசாலா அரைத்து வைத்தோமா என்று போய்வரும். யுத்தம் என்பது பைபிளில் இருக்கிற ஊர்களுக்கு வருவது, மதில்களும் ஒட்டகங்களும் உள்ள ஊர்களுக்கு. என் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிற இடத்துக்கு அது வரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் வரிசையாக வருவதில்லை. வெயிலும் பனியும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். சமையலறை ஓரத்தில் பெரிய கிரைண்டர் காலையிலிருந்தே ஓடும். அவளுக்கு விடியற்காலை என்றால் எனக்கு வெயில் நன்றாக ஏறியிருக்கும். அந்த நேரத்தில்தான் அவளுடைய போன் வரும். முதல் முறை அழைத்தபோது, "இரு கண்ணு, கிரைண்டர நிறுத்தறேன், ஒண்ணுமே கேக்கல" என்றேன்.

"நிறுத்தாதம்மா, ஓடட்டும். இங்க கேக்கற சத்தத்துக்கு இது தேவலாம்."

போனை கிரைண்டருக்குப் பக்கத்தில் மேடையில் சாய்த்து வைத்தேன். கல் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். திரையில் அவளுடைய நெற்றியும் ஒரு கம்பளியின் ஓரமும் மட்டும் தெரிந்தன. நான் நிறுத்தவில்லை. மாவு சூடேறி வெண்ணெய்போல் அரைந்துகொண்டே இருந்தது. அந்த வாரம் மாவு வாங்கியவர்கள் எல்லாரும், "என்னங்க அக்கா, இட்லி கல்லாட்டம் வருதுங்க" என்று சொன்னார்கள். பிறகு மாவு இல்லாத நேரத்திலும் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்தே எனக்கும் கண் அயர்ந்துவிடும். அயர்ந்தால் சமையலறையில் பனி பெய்யும். கறிவேப்பிலைச் செடியின் மேலும், தண்ணீர்த் தொட்டியின் மூடியிலும், அவர் கழற்றிப் போட்ட கம்பெனிச் சட்டையிலும் சத்தமில்லாமல் விழும். கூரைக்கு மேலே விமான நிலையத்துக்கு ஒரு விமானம் தாழ்ந்து இறங்கும். திடுக்கிட்டு விழித்தால் தரை காய்ந்து கிடக்கும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஈஸ்டருக்கு முந்திய உபவாச நாட்களான லெந்து காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. அன்று அவர் எனக்கு முன்பே எழுந்து வெள்ளைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கோவிலுக்கும் சீக்கிரம் போனார். ஆயரின் அறைக்குள் போய்வருவதை வாசலில் இருந்து பார்த்தேன். ஜெபிக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். பீடத்துக்கு ஊதாத் துணி போட்டிருந்தார்கள். உபவாச நாட்கள் என்பதால் பூ இல்லை. மின்விசிறிகள் சுற்றின. அறிவிப்புகள் ஒவ்வொன்றாக எங்கோ தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் என் காதில் விழுந்துகொண்டிருந்தன.

அப்போது ஆயரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. யுத்த தேசத்திலிருந்து தங்கள் மகளைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்கு நன்றியாக என்று வாசித்து, என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னார்.

சபை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எங்கள் கோவிலில் கை தட்டும் வழக்கமே இல்லை. எல்லாத் தலைகளும் திரும்பி, என்னையும் எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் பார்த்துச் சிரித்தன. ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்தார். நடுவில் உள்ள வழியாக மெதுவாக நடந்து போய் தனியாக மண்டியிட்டார். நான் எழவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் பொய். எழக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். ஆயர் ஜெபித்தார். சபை அந்தச் சரணத்தை என்றைக்கும் இல்லாத சத்தத்தில் பாடியது. கல்லுக்கும் கல்யாணத்துக்கும் பாடிய அதே சரணம், அடித்தளத்தில் படுத்திருக்கிற பிள்ளைக்கும்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்து அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பங்க வந்துச்சு புள்ள? ஒரு வார்த்த சொல்லலீங்களே அம்மணி!"

"வரலீங்க அக்கா."

"என்னங்க?"

"புள்ள இன்னும் பங்கர்லதானுங்க இருக்குது. காலைலகூடப் பேசுனா."

அக்காவின் கை என் கையிலேயே இருந்தது, முகம் மட்டும் எங்கோ போய்விட்டது. செய்தி வாசல் முழுக்கப் பரவி ஆயரிடமும் போய்ச் சேர்ந்தது. அவர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்தார். "அண்ணே, வந்துட்டாள்னுதானே நான் வாசிச்சேன்? இன்னும் வரலன்னு நீங்க சொல்லலியே?"

"நன்றி சொல்லணும்னு தோணுச்சுங்க ஐயா. இன்னும் வரலீங்க" என்றார் இவர், ஏதோ பஸ் வரவில்லை என்பதுபோல.

"அப்ப நான் சபைக்கு முன்னாடி பொய் வாசிச்சிருக்கேனே. சாயந்திரம் கூட்டத்துல திருத்திச் சொல்லிடட்டுங்களா?"

"வேண்டாமுங்க ஐயா. சொன்ன நன்றியத் திருப்பி வாங்கக்கூடாதுங்க."

சுற்றி நின்றவர்களில் சிலர் இதுதான் விசுவாசம் என்றார்கள். சிலர் ஆண்டவரைச் சோதிப்பது பாவம் என்றார்கள். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்காரமாட்டேன் என்று வெயிலில் நடந்தேன். அவர் கூடவே ஓரமாக வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீதி முனையில் என்னால் அடக்க முடியவில்லை.

"தண்ணி வராம ஒரு பம்புக்காவது கையெழுத்துப் போட்டிருக்கறீங்களா நீங்க? எம் புள்ளைக்கு மட்டும் போட்டுப்போட்டு வந்திருக்கறீங்க!"

அவர் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இன்னும் நிறையச் சொன்னேன், எல்லாம் எழுதுவதற்கில்லை.

மத்தியானம் எங்கள் வீடு நிறைந்துவிட்டது. கோவிலில் அறிவிப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் பிள்ளையைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் உண்மை தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஹாலில் முட்டி முட்டி உட்கார்ந்திருந்தது. லெந்து முடிகிறவரை கறியைக் கையால் தொடாத ஒரு வீட்டிலிருந்து, பிள்ளைக்கென்று கோழிக் குழம்பு தூக்குப் பாத்திரத்தில் வந்திருந்தது. யாருக்கு என்ன சொல்வது, குழம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லாருக்கும் காபி போட்டேன். அவிநாசியிலிருந்து என் அண்ணன் கதலித் தாரோடு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, சாமிக்கு அட்வான்ஸ் குடுத்துப்போட்டீங்களாமா? எங்கூர்ல காரியம் நடந்தாத்தானுங்க மொட்ட போடுவோம்."

"நீங்க அங்க பாத்துக்குங்க, மாமா. நான் இங்க பாத்துக்கறேன்" என்றார் இவர். அண்ணன் சிரித்துவிட்டு, பழத்தைச் சீப்புச் சீப்பாகப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. மகள்தான். ரயில் நிலையத்துக்கு நடக்கப்போகிறோம் என்றாள். எல்லை வரைக்கும் போகிற ரயிலில் இடம் கிடைத்தால் ஏறிவிடுவோம், போனில் சார்ஜ் இல்லை, இனிமேல் நீயாகக் கூப்பிடாதே என்றாள். பேசிக்கொண்டே திரையில் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"யாரும்மா இத்தன பேரு?"

"உன்னப் பாக்க வந்தவங்க கண்ணு."

"நான்தான் வரலியே."

"வந்துட்டயாமா. உங்கப்பா கோயில்ல சொல்லிப்போட்டாரு."

அவள் சிரித்தாள். யுத்தம் தொடங்கியதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "எல்லாரும் இருக்கறாங்கல்ல, எதாவது பாடுங்கம்மா. கிளம்பறதுக்குள்ள" என்றாள். சங்கத்து அக்கா மாலை ஆராதனையில் பாடுகிற மெதுவான பாட்டு ஒன்றைத் தொடங்கினார். பாதிப் பேர் சுருதி இல்லாமல் பாடினார்கள். பாட்டே தெரியாத என் அண்ணன் கதலிப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தார். மத்தியான வெயிலில் பொழுது சாய்வதைப் பற்றிய பாட்டு. அங்கே அவள் தோழிகளும் திரைக்குள் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சரணத்தில் படம் நின்றுவிட்டது. நின்ற படத்தில் அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நாங்கள் பாட்டை முடித்தோம்.

அதன் பிறகு போன் வரவில்லை. காலையாகும், கிரைண்டர் ஓடும், போன் மேடையில் சாய்ந்து கறுப்பாக நிற்கும். சபைக்காரர்கள் தினமும் சாயந்திரம் வந்தார்கள். யார் சொல்லியும் இல்லை. வேறு வீடுகளில் நடக்க வேண்டிய லெந்து கூட்டங்கள் எங்கள் ஹாலுக்கு மாறிவிட்டன. ஆனால் ஜெபிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவளைக் கொண்டுவந்து சேரும் என்று கேட்டால் இவர் சொன்ன நன்றி பொய்யாகிவிடும். கேட்காமலும் இருக்க முடியாது. ஆகவே பெயரைச் சொல்லாமல், வழியில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும் என்று ஜெபித்தார்கள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. என் பிள்ளையின் பெயரை யாராவது சத்தமாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன்.

ஒரு நாள் அவர் வேலையிலிருந்து பாதியில் வந்து நேராகக் குளியலறைக்குள் போனார். குழாய் திறந்தபடியே இருந்தது. வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன். தாழ் போடவில்லை. கம்பெனிச் சட்டையோடு சுவரில் நெற்றியை வைத்து நின்று அழுதுகொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. குழாயை மூடினேன்.

"ஏனுங்க அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். இந்த முறை கத்தவில்லை.

"எனக்குக் கேக்கப் பயமா இருந்துச்சு அம்மணி. எம் புள்ளயக் குடுன்னு கேட்டு, அவரு முடியாதுன்னு சொல்லிப்போட்டா? அதுக்கப்பறம் அந்தக் கோயிலுக்குள்ள நான் எப்படிப் போறது? அதான் கேக்கவே இல்ல. நன்றி மட்டும் சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

நான் அவர் விசுவாசத்தின் மேல்தான் அத்தனை நாளும் கோபப்பட்டிருந்தேன். அங்கே விசுவாசம் என்று ஒன்றும் இருக்கவில்லை. என்னைவிடப் பயந்துபோன ஒரு மனிதர் இருந்தார். ஈரத் தரையில் நின்றபடியே அவரைக் கட்டிக்கொண்டேன். சோதனைப் பிரிவின் எண்ணெய் வாசம் அடித்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அவர்மேல் அவ்வளவு அன்பு எனக்கு இருந்தது அன்றுவரை எனக்கே தெரியாது.

எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று வேறு யாருடைய போனிலிருந்தோ அவள் பேசியது ஒரு காலை நேரத்தில். ரயிலில் நின்றுகொண்டே வந்ததும், பனியில் வெகுதூரம் நடந்ததும், நடுவில் ஒரு தோழி கூட்டத்தில் பிரிந்துபோய்ப் பிறகு கிடைத்ததும் துண்டு துண்டாக வந்தன. டெல்லி, பிறகு எங்கள் விமான நிலையம். கதவைத் தாண்டி வந்தவள் யாரோ கொடுத்த ஆண்கள் கோட்டுக்குள் சிறுத்துப்போயிருந்தாள். அவள் தலைமுடியில் புகை வாசம் இருந்தது. அவர் அவளைத் தொட்டுப் பார்த்தார், தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாக. காருக்குள்ளும் அவள் கோட்டைக் கழற்றவில்லை. வீதிக்குள் திரும்பும்போது மேலே விமானம் ஒன்று இறங்கியது. அவள் முன்சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஆயர் வீட்டுக்கு வந்தார். "இப்ப எப்படீங்க வாசிக்கறது? ஏற்கெனவே வாசிச்சாச்சே" என்று சிரித்தார். மகள், முன்னால் போகவேண்டாம்மா என்றாள். "வேண்டாமுங்க ஐயா, முன்னாடி சொன்னதே இருக்கட்டும்" என்றேன் நான். நான்தான் சொன்னேன்.

மறுநாள் கோவிலில் அவள் கடைசி வரிசைதான் வேண்டும் என்றாள். சுவரை ஒட்டிய இடம், கதவு தெரிகிற இடம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஆண்கள் பக்கத்தை விட்டு வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த முறை பார்க்க ஆள் இருந்தது.

நீண்ட ஜெபம் தொடங்கியது. நானும் தலை குனிந்து கண்ணை மூடினேன். என் தோளில் அவளுடைய தோள் விறைத்திருப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். அவள் இமைக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடு கண்ணு. ஜெபம் நடக்குது" என்றேன், காதோடு.

"மூடுனா திரும்ப அங்க போயிடறேம்மா."

பிள்ளை வந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி, கோழி அடித்து, அண்ணன் மொட்டையும் போட்டாயிற்று. அவள் இன்னும் வரவில்லை. எனக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

"மூடாத. நானும் மூடல" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் சபை முழுக்கத் தலை குனிந்து, பின்னல்களும் நரைத்த பிடரிகளும் தெரிய, காவல் இல்லாமல் கண்ணை மூடி இருந்தது. ஜெபிக்கிற சபையை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் அவரும் தலையைத் தூக்கினார். எங்கள் இருவரையும் பார்த்தார். ஆயர் ஆமென் சொல்லும்வரை நாங்கள் மூவரும் கண்ணைத் திறந்துகொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.